வாழ்க்கையை எழுதுவது விதியா? முயற்சியா? – முயற்சியே!

அன்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே அமர்ந்து விதியை நொந்துகொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! (சிரிப்பு) மேற்கு மலையின் மடியிலே, நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகிற இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலே கூடியிருக்கும் பெருமக்களே!

எனக்கு முன்னாலே பேசின அண்ணன் ரொம்பத் தூரம் போயிட்டார் ஐயா. நம்ம ஊரு விதி பத்தாதுன்னு நார்வே, ஐஸ்லாந்து வரைக்கும் போயி ஒரு விதியைப் பிடிச்சுட்டு வந்தார். அந்த வடக்கத்திப் புராணத்திலே யூர்ட், வெர்தாந்தி, ஸ்குல்ட்னு மூணு விதி தேவதைகள். உலக மரத்தடியிலே, கிணத்தோரம் இருந்துக்கிட்டு மனுஷன் விதியை மரத்திலே செதுக்குறாங்க. ஓடின் என்கிற பெரிய கடவுள் 'ரூன்' என்கிற எழுத்தைக் கண்டெடுத்தார். இன்னைக்கும் அந்தப் பழைய சமயத்தைப் பின்பற்றுகிறவர்கள் ரூன் பொறிச்ச கட்டையை எடுத்துப் போட்டுக் குறி பார்க்கிறாங்க. "அங்கே ரூன், இங்கே தலையெழுத்து. ஆக, விதி எழுத்திலேதான் இருக்கு"ன்னு அண்ணன் முடிச்சார். நீங்களும் கைதட்டினீங்க.

அண்ணன் சொன்னது உண்மை. ஆனா பாதியிலே இறங்கிட்டார். மீதி வழியை நான் காட்டறேன்.

அந்த ஓடினுக்கு எழுத்து எப்படிக் கிடைச்சது? யாராவது நெத்தியிலே எழுதி அனுப்பினாங்களா? இல்லை ஐயா! காத்தடிக்கிற மரத்திலே ஒன்பது ராத்திரி தொங்கினார். ஈட்டிக் காயத்தோட, சோறு தண்ணி இல்லாம, அலறிக்கிட்டே எழுத்தை அள்ளி எடுத்தார். கடவுளே ஒன்பது நாள் பட்டினி கிடந்துதான் எழுத்துப் படிக்க முடிஞ்சது. இதுக்குப் பேரு விதியா, முயற்சியா? (கைதட்டல்)

இன்னொண்ணும் கேளுங்க. கடைசிப் போரிலே ஓநாய் வாயிலேதான் தனக்குச் சாவுன்னு ஓடினுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகு படுத்துட்டாரா? அந்தப் போருக்காக வீரர்களைச் சேர்த்துக்கிட்டே இருந்தார். விதியை நம்பினவனும் அங்கே கையைக் கட்டிக்கிட்டு உட்காரலே.

ஐஸ்லாந்திலே அந்தப் பழைய சமயத்தாருடைய சங்கம் 1972ல் தொடங்கி, 1973ல் அரசு அங்கீகாரம் பெற்றது. இன்றைக்கு அந்த வழியிலே நடக்கிறவர்களிலே பல பேர் விதியை 'வியர்ட்' என்பார்கள். அதை நெசவு மாதிரி என்கிறார்கள். நெசவைப் பத்தி அவங்க நமக்குச் சொல்லணுமா? ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டிக்குப் போங்க. தறியிலே பாவு முன்னாடியே ஓடியிருக்கும். அது நீங்க பிறந்த வீடு, பிறந்த ஊரு. அதை மாத்த முடியாது. ஆனா ஊடை? நாடாவைத் தள்ளுற கை யாரு கை? கரையும் கட்டமும் யாரு போடறது? பாவைப் பார்த்து அழுதுக்கிட்டிருந்தா சேலை வருமா ஐயா? (கைதட்டல்)

சரி, ரூன் எழுத்தை அந்த மக்கள் எதுக்குப் பயன்படுத்தினாங்க? வடநாடுகளிலே சுமார் 3000 ரூன் கல் இருக்கு. பெரும்பாலும் சுவீடனிலே. குறி சொல்ற கல்லா? பெரும்பாலான கல்லிலே இருக்கிறது, 'இன்னார் தன் தகப்பனுக்காக, தன் அண்ணனுக்காக இந்தக் கல்லை நிறுத்தினார்' என்கிற செய்திதான். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹெரால்டு புளூடூத், அம்மா அப்பா நினைவாக ஒரு கல் நிறுத்தினார். உங்க செல்போனிலே இருக்கிற புளூடூத் குறி, அவர் பேரோட இரண்டு முதல் எழுத்து, ரூன் எழுத்து! அண்ணன் ரூனைத் தேடி ஐஸ்லாந்து போனார். அது அவர் சட்டைப்பையிலேயே கிடக்கு! (பலத்த சிரிப்பு)

இதே மாதிரிக் கல் நம்ம தேனி மாவட்டத்திலே இருக்கு ஐயா. வைகைக் கரையிலே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006ல் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் தமிழ் பிராமி எழுத்து. கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். ரூன் எழுத்துப் பிறக்கிறதுக்கு முன்னாடியே ஆண்டிபட்டிக்காரன் கல்லிலே எழுதிட்டான்! ஒரு கல்லிலே, கூடல் ஊரிலே நடந்த ஆகோள், அதாவது மாடு கவர்ந்த சண்டை, அதிலே இறந்த தீயன் அந்தவன் என்கிறவன் பேரு இருக்கு. அவன் ஜாதகம் இருக்கா? நட்சத்திரம் இருக்கா? இல்லை. அவன் செய்த காரியம் இருக்கு. தலையெழுத்தைப் படிச்சவன் ஒருத்தனும் கிடையாது. கல்லெழுத்தை இரண்டாயிரம் வருஷம் கழிச்சும் படிக்கிறோம்!

"சிலப்பதிகாரத்திலே ஊழ்வினை இல்லையா?"ன்னு அக்கா கேட்டாங்க. இருக்கு. கோவலனை வெட்டினது ஊழ்வினையாவே இருக்கட்டும். கண்ணகி என்ன செய்தா? 'என் விதி'ன்னு மூலையிலே உட்கார்ந்திருந்தா இன்னைக்கு அவ பேரு யாருக்குத் தெரியும்? ஒத்தச் சிலம்போட அரசவைக்குப் போயி நியாயம் கேட்டா. அதனாலேதானே கூடலூருக்கு மேலே, மங்கலதேவி மலையிலே, சித்ரா பௌர்ணமிக்கு ஏறிப் போயி அவளைக் கும்பிடறோம்? (கைதட்டல்)

நீங்க குடிக்கிற தண்ணியைக் கேட்டுப் பாருங்க. மேற்கே கடலுக்குப் போகணும்கிறது பெரியாத்துத் தண்ணியோட தலையெழுத்து. 1887ல் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். கட்டினதை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. காய்ச்சலிலும் காலராவிலும் தொழிலாளிகள் செத்தார்கள். மறுபடியும் கட்டினார்கள். 1895ல் மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி கிழக்கே திரும்பிச்சு. தண்ணியோட தலையெழுத்தையே மாத்தின ஊரிலே நின்னு விதின்னு பேசலாமா?

மணி அடிச்சுட்டீங்க ஐயா. ஒரே நிமிஷம். இதைச் சொல்லாம நான் இறங்கக்கூடாது.

குச்சனூர் சனீஸ்வரனுக்கு நானும் எள்ளு தீபம் ஏத்தினவதான். சாமி மேலே எனக்குக் கோபமில்லை. 'தலையெழுத்து' என்கிற வார்த்தை மேலேதான் கோபம். இந்த வட்டாரத்திலே, பொட்டப்புள்ளையாப் பிறந்தது தலையெழுத்துன்னு சொல்லி, பச்சைக் குழந்தை வாயிலே கள்ளிப்பால் ஊத்தின காலம் ஒண்ணு இருந்தது. 1992ல் சேலத்திலே தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தேனி மாவட்டத்துக்கும் வந்ததுன்னா, ஏன் வந்தது? சும்மாவா வந்தது? அந்தப் பிஞ்சோட நெத்தியிலே சாவை எழுதினது பிரம்மனா? மூணு தேவதைகளா? ஐயா, எழுதினது வீட்டுப் பெரியவங்க. பழியை மட்டும் விதி தலையிலே போட்டாங்க. (அரங்கில் அமைதி)

அதே வீடுகளிலே, 'இவ வாழட்டும்'னு ஒரு தாய் ஒத்தையா நின்னு மல்லுக்கட்டினா. அப்படிப் பிழைச்ச பொண்ணு இன்னைக்கு டீச்சரா, நர்ஸா வேலைக்குப் போறா. அந்தத் தாய் கல்லிலே எழுதலே, மரத்திலே செதுக்கலே. ஒரு உயிரை எழுதினா ஐயா!

விதின்னு தீர்ப்புச் சொன்னா, கள்ளிப்பால் ஊத்தின கைக்கு விடுதலை. முயற்சின்னு தீர்ப்புச் சொன்னா, தடுத்து நின்ன தாய்க்கு மரியாதை. யாருக்கு எதைக் கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையை எழுதுவது முயற்சியே, முயற்சியே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமாய்க் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)