கரடிப் படம் போட்ட கோப்பு

(ஒஸ்லோவில் நடந்த எமது புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கம்பியூட்டர் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கினம். வடை வாசம் மேடை வரைக்கும் வருகுது, ஆகவே நீட்டமாட்டேன்.

நான் செய்த ஒரு மடைத்தனத்தில் இருந்து தொடங்குகிறேன். 2002ஆம் ஆண்டு வைகாசி மாதம். எங்கள் சங்கத்திடம் அப்போது இருந்தது ஒரேயொரு கம்பியூட்டர், விண்டோஸ் 98. மலருக்கு வரும் கட்டுரைகளை எல்லாம் பாமினி எழுத்தில் நான்தான் அதில் அடிப்பேன். ஒருநாள் ரொறன்ரோவில் இருக்கும் என்னுடைய மச்சானிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ஜே.டி.பி.ஜி.எம்.ஜி.ஆர். எக்ஸ்’ என்று ஒரு கோப்பு உன்னுடைய கம்பியூட்டருக்குள் இருக்கிறதா என்று தேடிப்பார், இருந்தால் சாம்பல் நிறக் கரடிக்குட்டிப் படத்தோடு இருக்கும், அது வைரஸ், 14 நாள் பேசாமல் கிடந்துவிட்டு எல்லாவற்றையும் அழிக்கும், நோர்ட்டன், மக்கஃபி ஒன்றும் அதைக் கண்டுபிடிக்காது, உடனே அழித்துவிட்டுத் தெரிந்த எல்லோருக்கும் அறிவி என்று எழுதியிருந்தது.

தேடினேன். இருந்தது. கரடிக்குட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது! நெஞ்சு திக்கென்றது. அழித்தேன். பிறகு அந்தக் கடிதத்தை அறுபது பேருக்கு அனுப்பினேன். இந்த மண்டபத்திலே அதைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள், மன்னிக்கவேணும்.

உண்மையில் அது மைக்ரோசொஃப்ட் நிறுவனமே விண்டோசோடு சேர்த்துத் தந்த கோப்பு. ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் பிழை தேடுவதற்கு உதவுவது. கரடிப் படத்தை வைத்ததும் அவர்கள்தான். இதற்கு முதல் வருடம், 2001இலும், ‘சல்ஃப்என்பிகே’ என்ற இன்னொரு கோப்பைப் பற்றி இதேமாதிரி ஒரு புரளி உலகம் சுற்றியது. நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டுத் தருகிற சாதுவான கோப்பு அது.

அழித்ததால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நட்டம் வந்தது அதற்குப் பிறகு. ‘14 நாள் கிடந்திருந்தால் வேறு இடத்திலும் முட்டை இட்டிருக்குமே’ என்று ஒருவர் சொன்னார். நான் பயந்துபோய், ஒரு பொடியனைப் பிடித்துக் கம்பியூட்டரை முழுக்கத் துடைத்து விண்டோசைப் புதிதாய்ப் போடுவித்தேன். பிளொப்பியில் பிரதி எடுத்தால் வைரசும் கூட வந்துவிடும் என்று ஒன்றையும் எடுக்கவில்லை. அதற்குள்ளே, எங்கள் பெரியவர் ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஊரை விட்டு வெளிக்கிட்ட கதையைச் சொல்லச் சொல்ல நான் அடித்த 14 பக்கம் இருந்தது. திரும்பவும் சொல்லுங்கோ என்று கேட்டேன். ‘ஒருக்கால் சொன்னதே பெரிய காரியம் தம்பி’ என்றார். இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார்.

நான் எங்கே ஏமாந்தேன்? கடிதம் சொன்ன இடத்தில் சொன்ன கோப்பு இருந்தது. அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். உங்கட குசினியில் ஒரு போத்தலுக்குள் கறுப்பாய், சின்னதாய், உருண்டையாய் ஒரு சாமான் இருக்கும், அது நஞ்சு என்று யாரும் எழுதினால், கடுகு இல்லாத வீடு எது? தேடினவர் எல்லோரும் கண்டெடுப்பினம்.

போன மார்கழியில் ஸ்தூவ்னரில் இருக்கும் ஒரு அன்ரி எடுத்தா. ‘தம்பி, எஸ்விசிஹோஸ்ட் என்று ஒன்று இருபது முப்பது தரம் ஓடுது, அழிக்கட்டோ?’ ‘ஐயோ, கையை எடுங்கோ அன்ரி’ என்று சொல்லிவிட்டு, அடுத்த ரி-பானேயில் ஏறிப் போனேன். விண்டோஸ் தன்னுடைய வேலைகளைப் பலவாகப் பிரித்து அந்தப் பெயரிலேதான் ஓட்டும். முப்பது என்ன, அதற்கு மேலும் இருக்கலாம். அதேநேரம், கள்ளனும் அந்தப் பெயரைத்தான் போட்டுக்கொண்டு வர விரும்புவான். ஆகவே பெயரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்கவேணும்.

அன்ரியின் கம்பியூட்டர் நோர்வேஜிய மொழியில். ‘ஒப்காவெபெஹான்ட்லிங்’ என்பதைத் திறந்து, அந்தப் பெயரில் வலப்பக்கச் சொடுக்குச் சொடுக்கி, ‘ஓப்னெ ஃபில்ப்ளாசெரிங்’ என்பதைத் தெரிந்தோம். சீ, விண்டோஸ், சிஸ்டம்32 என்ற வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அதுதான் அதன் சொந்த வீடு. தரவிறக்கப் பெட்டிக்குள்ளோ தற்காலிகக் கோப்புகளுக்குள்ளோ இருந்திருந்தால் சந்தேகம்தான். எழுத்தையும் பார்த்தோம். ‘ஓ’ எழுத்துக்குப் பதிலாகச் சைபர் போட்டு ஏமாற்றுவது பழைய வித்தை. பிறகு ‘எகென்ஸ்காபெர்’ என்பதில், கையொப்பம் மைக்ரோசொஃப்ட் உடையது என்று பார்த்தோம்.

கையொப்பம் இருந்தால் முழு நம்பிக்கை வைக்கலாமோ என்றால், அதுவும் இல்லை. 2019 பங்குனி 19ஆம் திகதி இங்கே நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தை முடக்கிய ‘லொக்கர்கோகா’ உங்களுக்கு நினைவிருக்கும். 35,000 பேர் வேலை செய்கிற கம்பெனி, கடதாசியும் பேனையுமாய் நின்றது. அந்த வகைக் கோப்புகள் சிலவற்றில் செல்லுபடியான கையொப்பமே இருந்தது. மறுபக்கம், விண்டோசின் நல்ல கோப்புகள் சிலவற்றில் கையொப்பப் பக்கமே தெரியாது. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இன்னும் ஐமிச்சம் என்றால் ‘வைரஸ்ரோட்டல்’ இருக்கிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. அதில் கோப்பைப் போட்டால் பல பத்து வைரஸ் காவலர்கள் ஒரேயடியாகப் பார்த்துச் சொல்லுவினம். எழுபது பேரில் ஒருவர் மட்டும் குரைத்தால் அநேகமாகத் தவறான குரைப்பு. ஆனால் கவனம். அங்கே போடுகிற கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்குப் போகும். ஆகவே விண்டோஸ் கோப்பைப் போடலாம். உங்கட அகதி விண்ணப்பம், யூடிஐ கடிதம், வங்கிக் கணக்கு ஒன்றையும் போட்டுவிடாதீர்கள்.

ரெலிபோனில் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்து, கம்பியூட்டரில் சிவப்புக் குறிகளைக் காட்டி ‘பாருங்கோ வைரஸ்’ என்பவனும் எனது பழைய கரடிதான். அந்தச் சிவப்புக் குறிகள் சுகமான கம்பியூட்டரிலும் இருக்கும். அவன் கடைசியில் கேட்கப்போவது பேங்க்ஐடி. ரெலிபோனை வையுங்கோ.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்மேசையில் இருப்பேன். சந்தேகக் கோப்பு உள்ளவர்கள் கம்பியூட்டரைக் கொண்டுவரலாம். அழித்துப்போட்டு வரவேண்டாம், அப்படியே கொண்டுவாங்கோ. இன்னொன்று. அந்தப் பதினாலு பக்கத்தில் முதல் சில பக்கங்களை நான் அச்செடுத்துப் பிழைதிருத்த ஒருவரிடம் கொடுத்ததாக ஞாபகம். யாரிடம் என்று மறந்துபோனேன். பழைய பெட்டிகள், கோவைகளுக்குள் பார்த்துச் சொல்லுவீர்களோ? பாமினி எழுத்து, மேலே இடப்பக்கத்தில் அவருடைய கையால் பச்சை மையில் எழுதிய ஒரு திருத்தம் இருக்கும்.