கலைக்காத, எடுத்து வை

இந்த ஜனவரிக் குளிரில் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கும் என் தில்லித் தமிழ் உறவுகளே!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சதுரங்கமும் மனமும்'. கொடுத்த நேரம் இருபது நிமிஷம். முன்னால் பேசிய நண்பர் அதில் பன்னிரண்டு நிமிஷத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். செஸ்ஸில் இந்த வேலை நடக்காது. அங்கே இரட்டைக் கடிகாரம் உண்டு. உன் நேரம் உனக்கு, என் நேரம் எனக்கு. இந்த மேடைக்கும் அப்படி ஒன்றை வாங்கி வைத்தால் பாதிப் பேர் பேசவே வரமாட்டார்கள். சிரிக்காதீர்கள், தலைவர் என்னையே பார்க்கிறார்.

2025 ஜனவரி 17, ராஷ்டிரபதி பவனில் நம் செஸ் வீரர் குகேஷுக்குக் கேல் ரத்னா விருது கொடுத்தார்கள். டிவியில் பார்த்திருப்பீர்கள். தட்டுங்கள், அதற்குத் தட்டுங்கள். ஆனால் நான் கேட்கப்போவது வேறு. அந்தப் பையன் கிராண்ட்மாஸ்டர் ஆனது எந்த ஊரில்? சென்னையா? இல்லை. இதே தில்லியில்! தில்லி ஓபன் போட்டியில் அந்தப் பட்டத்துக்கு வேண்டிய கடைசி நார்மை முடித்தான். தேதி 2019 ஜனவரி 15. அன்றைக்கு என்ன நாள்? யோசியுங்கள். தைப் பொங்கல் ஐயா! நீங்களும் நானும் கரோல் பாகிலும் முனிர்க்காவிலும் பால்கனியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, பால் பொங்கியதா, கிழக்கே பொங்கியதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயசு ஏழு மாசம் பதினேழு நாள் ஆன ஒரு சென்னைப் பையன், இதே மூடுபனிக்குள் உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தான். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நானும் போகவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கரும்பை விட்டுவிட்டுப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்போது பத்திரிகைகள் என்ன எழுதின? பதினேழு நாளில் உலக சாதனை போச்சு! கர்யாகின் உக்ரைனுக்கு ஆடிய காலத்தில், பன்னிரண்டு வயசு ஏழு மாசத்திலேயே கிராண்ட்மாஸ்டர் ஆகியிருந்தார். இவனுக்குப் பதினேழு நாள் கூடிப்போயிற்று. உலகத்தில் இரண்டாவதாக வந்தவனைப் பார்த்து 'போச்சு' என்றது ஊர். பிளஸ் டூவில் ஒரு மார்க் குறைந்தால் நம் வீட்டில் என்ன சொல்கிறோமோ அதேதான்.

இங்கேதான் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வருகிறார்.

அவர் பேரைச் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தென்காசிப் பக்கத்து மனுஷர். எழுபதுகளில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, ஒரு மத்திய அமைச்சகத்தில் தஃப்தரியாகச் சேர்ந்தார். ஃபைல்களைத் தைப்பது, அடுக்குவது, தூக்கிக்கொண்டு நடப்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடிக்கு ஒரு செஸ் போர்டோடு வந்துவிடுவார். பிளைவுட்டில் அவரே கட்டம் போட்டது. ஒரு யானை தொலைந்துபோய், அந்த இடத்தில் மாத்திரை பாட்டில் மூடி நிற்கும். நாங்கள் ஏழெட்டுப் பையன்கள். தோற்ற பையன் என்ன செய்வான்? கையால் ஒரே வீச்சு, காயெல்லாம் மண்ணில். அப்போது மட்டும் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். "ஏலே, கலைக்காத. எடுத்து வை."

எடுத்து வைத்தால் அடுத்த கேள்வி வரும். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பாக்கியெல்லாம் வாய்ப்பந்தல். "இந்தக் குதிரையைத் தூக்குனியே, அப்ப மனசுல என்னலே இருந்துச்சு?" எது சரியான மூவ் என்று அவர் கேட்கமாட்டார். என்ன நினைத்தாய் என்றுதான் கேட்பார். "தெரியல அண்ணாச்சி" என்பேன். "அதான் வியாதி" என்பார்.

ஒருநாள் ஸ்கூல் போட்டி. எதிரே ஒரு பஞ்சாபிப் பையன், அவனிடம் ராஜா மட்டும்தான் பாக்கி. என்னிடம் ராணி இருக்கிறது, யானை இருக்கிறது. குழந்தைகூட ஜெயிக்கும். நான் ராணியைத் தூக்கி டொக்கென்று வைத்தேன். அவன் ராஜாவுக்கு நகர ஓர் இடம் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா! அந்தப் பயல் எழுந்து பாங்ரா ஆடினான். இதில் இன்னொரு கொடுமை, அந்தப் போட்டிக்குப் போனதற்கு என் பள்ளிக்கூடம் எனக்கு ஆப்சென்ட் போட்டது. பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லமாட்டேன், என் பேரன் இப்போது அங்கேதான் படிக்கிறான்.

அழுதுகொண்டே அண்ணாச்சியிடம் வந்தேன். எடுத்து வைக்கச் சொன்னார். "ராணியைத் தூக்கும்போது என்ன நெனச்ச?" யோசித்து யோசித்து உண்மையைச் சொன்னேன். அம்மாவிடம் கோப்பையை எப்படிக் காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாள் எடுத்தார். ஆபீஸில் நோட்டிங் எழுதுவார்களே, அந்தப் பச்சைத் தாள், ஒருபக்கம் எழுதிக் கழித்தது. அதன் பின்பக்கத்தில் இப்படி எழுதினார்: 'ஆட்டம் முடியுமுன் வீட்டுக்குப் போனான்.' அடியில் தேதி, ஃபைலில் போடுகிற மாதிரி. அவரிடம் அப்படி ஒரு கட்டு இருந்தது. எல்லாம் தோற்ற ஆட்டம். ஜெயித்தது ஒன்றுகூட அதில் கிடையாது.

கைதட்டுகிறீர்கள். அண்ணாச்சிக்குத்தானே? சரி.

மனசில் என்ன இருந்தது என்று பெரிய ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஹாலந்தில் டி குரூட் என்று ஒரு மனவியல்காரர், அவரே நல்ல ஆட்டக்காரர். 1938-இல் அங்கே நடந்த பெரிய போட்டிக்கு வந்த அலெகைன், கெரஸ் மாதிரி ஜாம்பவான்கள் முன்னால் ஒரு நிலையை வைத்து, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். மேதை இருபது மூவ் தள்ளிப் பார்ப்பான், சாதாரண ஆள் இரண்டு மூவ் பார்ப்பான் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே ஆழம்தான் பார்த்தார்கள். மேதையின் கண் மட்டும் முதலிலேயே சரியான இடத்தில் போய் விழுந்தது.

பிறகு 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்று இரண்டு பேர். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து வினாடி காட்டிவிட்டு மூடிவிட்டார்கள். திருப்பி அடுக்கு என்றால் மாஸ்டர் பெரும்பாலான காய்களை வைத்துவிடுவார், புதிய ஆள் நாலைந்தோடு விழிப்பான். அடுத்து, அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் கிட்டத்தட்டப் புதிய ஆள் மாதிரியே விழித்தார்!

தாய்மார்களுக்கு இது உடனே புரியும். பதினைந்துக்குப் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறீர்கள். பக்கத்து ஃபிளாட் சர்மா வீட்டு அம்மாவுக்கு அது இருநூற்று இருபத்தைந்து புள்ளி, தலை சுற்றும். உங்களுக்கு அது மயிலாப்பூர்ச் சித்தி போட்ட கோலம், ஒரு தடவை பார்த்தால் போதும். ஆனால் பேரப்பிள்ளை டப்பாவைக் கவிழ்த்துவிட்டான், மாவு தரையெல்லாம் சிந்திவிட்டது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் நீங்களும் சர்மா வீட்டு அம்மாவும் ஒன்றுதான். ஞாபகசக்தி மாத்திரை விற்கிறானே, அவனிடம் காசைக் கொடுக்காதீர்கள். போட்ட கோலம்தான் ஞாபகம்.

ஆனால் அந்தப் பழகிய கண்ணே ஏமாற்றவும் செய்யும். இங்கிலாந்தில் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு நிலையில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வழி இருக்கிறது, அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று ஒளிந்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் பழைய வழியைக் கண்டுபிடித்துவிட்டு, இதைவிடச் சிறந்ததைத் தேடுகிறேன் என்றார்கள். கருவி வைத்துப் பார்த்தால் அவர்கள் கண் அந்தப் பழைய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது! வாய் தேடுகிறேன் என்கிறது, கண் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

எனக்கு இதைப் படித்ததும் சில நண்பர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். யமுனைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சொல்லமாட்டேன். ஒருவர் சங்கத் தேர்தலில் தோற்பார். ஏன் தோற்றோம் என்று காயை எடுத்து வைத்துப் பார்ப்பாரா? மாட்டார். போர்டையே தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் புதுச் சங்கம் ஆரம்பிப்பார். இவரே தலைவர். அடுத்த வருஷம் அங்கேயும் தோற்பார். தில்லியில் இன்றைக்குத் தமிழரைவிடத் தமிழ்ச் சங்கங்கள் அதிகம்! யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லுகிறார்கள். வேண்டாம் ஐயா, நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவேண்டும். அந்தச் சங்கம் போன வருஷம் ஒரு செஸ் போட்டி வைத்தது. பொன்னாடை போர்த்த ஒன்றரை மணி நேரம், குழந்தைகள் ஆட ஆளுக்குப் பத்து நிமிஷம். சால்வைக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்கவேண்டும்.

எங்கே விட்டேன்? ஆங், கண்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷ் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். ஆறரை ஆறரை. உலகமே டிரா என்று எழுதிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது மூவில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். அது பிழை. ஆட்டம் முடிந்த பிறகு குகேஷே சொன்னான், முதலில் தனக்கு அது தெரியவில்லை என்று. வேறு ஒரு சாதாரண மூவை வைக்கத்தான் இருந்தான். அப்புறம்தான் மூலையில் நிற்கும் எதிராளியின் பிஷப்புக்கு ஓட வழியில்லை என்று கண்டான். யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் மாற்றிவிட்டால் சிப்பாய் ஆட்டம், அது இவனுக்கு ஜெயம். கண் பழைய கட்டத்திலேயே நின்றிருந்தால் இன்றைக்கு நமக்குக் கேல் ரத்னா விழா இல்லை. அந்தக் கை போர்டுக்கு மேலே கொஞ்சம் தாமதித்ததே, அந்தத் தாமதத்தை எங்கே படித்தான்?

விஷ்ணு பிரசன்னா என்று அவனுடைய சென்னைக் கோச். நெடுநாள் வரைக்கும் அவனைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை, 2500 ரேட்டிங் தொடுகிற வரைக்கும் சொந்தத் தலையால் யோசி என்றார். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆட்டம் முடிந்த அடுத்த வினாடி கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள். அது, 'இருபத்து மூன்றாவது மூவ் தப்பு' என்று சிவப்பு விளக்கு போடுகிறது. எங்கே தப்பு என்று சொல்லும். அந்த நேரத்தில் நீ அம்மாவிடம் கோப்பை காட்டிக்கொண்டிருந்தாய் என்று அது சொல்லுமா? அதற்கு அண்ணாச்சி வேண்டும்.

டொரன்டோவில் 2024 ஏப்ரலில் கேண்டிடேட்ஸ், உலகப் பட்டத்துக்கு ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. ஏழாவது சுற்றில் குகேஷ் ஃபிரோஜாவிடம் தோற்றான், கையில் நேரமே இல்லாமல். ஜெயித்த பிறகு கேட்டார்கள், இது என் போட்டி என்று உங்களுக்கு எப்போது தோன்றியது? அந்தத் தோல்விக்குப் பிறகு என்றான். அண்ணாச்சியின் தாள்கட்டுக்குள் போகவேண்டிய ஆட்டம் அது.

நம் ஊரும் சளைத்ததில்லை. பரிமார்ஜன் நேகி, தில்லிப் பிள்ளை, 2006-இலேயே பதின்மூன்று வயசில் கிராண்ட்மாஸ்டர். புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் 2024-இல் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் தானியா சச்தேவ் தில்லிக்காரி. தட்டுங்கள். இந்தியாவுக்கு 1988-இல் ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர், நம் ஆனந்த். இன்றைக்கு எண்பதைத் தாண்டியாயிற்று, மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாடு. ஏன் தமிழ்நாடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூவனூரில் சிவபெருமானே சதுரங்க வல்லபநாதராக ராஜகுமாரியோடு ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம், அதனால் நம் ரத்தத்தில் இருக்கிறது என்பார் சிலர். ரத்தமெல்லாம் இல்லை. ஓர் அறை இருந்தது.

1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மானுவேல் ஆரோன் டால் செஸ் கிளப் ஆரம்பித்தார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், பேங்கில் வேலை பார்த்த மனுஷர். மேஜை, போர்டு, ரஷ்யப் புத்தகங்கள். ஒரு சின்னப் பையன் அங்கே வந்து வந்து தோற்றுக்கொண்டிருந்தான். அவன்தான் ஆனந்த்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு விண்ணப்பம், தலைவர் அவர்களே. நம் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போன வருஷத்து பேனரும் உடைந்த நாற்காலியும்தான். ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஏழு வரை அதைக் கொடுங்கள். ஆறு போர்டு நான் வாங்கித் தருகிறேன், எதிலும் பாட்டில் மூடி இருக்காது. கட்டணம் வேண்டாம், விழா வேண்டாம், சால்வை வேண்டவே வேண்டாம். தோற்ற பிள்ளை காயைக் கலைக்காமல் அரைமணி உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, என்னலே நெனச்ச என்று கேட்க ஆள் தயார். வயசு எழுபத்தெட்டு. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், பச்சை மப்ளர். திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவார்.

சாவியை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.