கல்லூரி வாசலிலும் கணக்குப் பார்ப்போம்

 

சௌராஸ்தா சந்தையில் ஒரு கிலோ ஜாதிக்காய் வாங்கினாலும் முகர்ந்து, எடை பார்த்து வாங்குகிற ஜனங்கள் நாம். ஆனால் எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் குளிரூட்டிய அறையில் போய் உட்கார்ந்தால் வாயடைத்துப் போகிறோம். "படிப்பு விஷயம், பேரம் பேசக்கூடாது" என்று அத்தாமார்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது.

கல்லாவில் உட்கார்ந்து பழகிய நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டப்படி, அதை நடத்துவது ஒரு கம்பெனி. வாடகை, சம்பளம், லாப நட்டம் எல்லாம் அதற்கும் உண்டு. வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போல அறக்கட்டளைக்குச் சொந்தமானதும் நம் ஊரில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். லாபம் பார்ப்பது குற்றமுமல்ல, நாமே அதில்தான் சாப்பிடுகிறோம்.

ஆனால் கம்பெனிக்கு வரும் ஆபத்து கல்லூரிக்கும் வரும். கெப்பாலா பத்தாஸில் இருந்த அலையன்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி பலருக்கு நினைவிருக்கும். 2013இல் லண்டனில் டிரென்ட் பார்க் வளாகத்தையே விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே பணமுடையில் சிக்கி மூடும் நிலைக்கு வந்தது. மாணவர்களை வேறு கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. கெட்டுப்போன சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். போன வருடத்தை யாரிடம் திருப்பிக் கேட்பது?

ஆகவே பணம் கட்டும் முன் பாருங்கள். விளம்பரத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். டிகே என்று தொடங்கினால் கல்லூரி, டிகேயு என்றால் பல்கலைக்கழகக் கல்லூரி, டியு என்றால் பல்கலைக்கழகம். கல்லூரி தன் சொந்தப் பெயரில் பட்டம் தர முடியாது; பட்டப்படிப்பு நடத்தினால் அது யாருடைய பட்டம் என்று கேளுங்கள். அடுத்தது எம்கியூஏ. கல்லூரிக்கு அனுமதி இருந்தால் போதாது, உங்கள் பிள்ளை படிக்கப்போகும் அந்தப் படிப்புக்கே அங்கீகாரம் வேண்டும். புதுப் படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான். முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் அந்தந்தத் தொழில் மன்றத்தின் ஒப்புதலையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கட்டணத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒன்று, கட்டுவது வேறொன்று. பதிவு, ஆய்வுக்கூடம், தேர்வு, விடுதி என்று கூடிக்கொண்டே போகும். தோற்ற பாடத்தை மறுபடி எடுத்தால் அதற்கும் காசு. உபகாரச் சம்பளம் என்று தள்ளுபடி தருவார்கள். புள்ளி குறைந்தால் அது நின்றுவிடுமா என்பதை முதல் நாளே கேளுங்கள். முன்பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். பிடிபிடிஎன் கடன் முழுக் கட்டணத்துக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ராவும் உண்டு, கடன் பிள்ளையின் பெயரில்தான் ஏறும்.

உள்ளே போனபின் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் போல விரட்டிப் பிடிக்க ஆசிரியர் வரமாட்டார். ஒப்படைப்பு வேலைகள், கூட்டு வேலைகள், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் பருவத்தில் திணறாத பிள்ளை குறைவு. வகுப்பு சிறியதாக இருந்தால் விரிவுரையாளரை நெருங்கிக் கேட்கலாம். அது இங்கே கிடைக்கும் நல்ல வசதி. காசு கொடுத்ததால் சான்றிதழ் வந்துவிடும் என்று எந்தப் பிள்ளையும் எண்ணக் கூடாது.

எங்களைப் போல பாலிடெக்னிக் வழியாகப் போகவும் செய்யலாம், செலவு மிகக் குறைவு. டிப்ளோமாவோடு பட்டப்படிப்பில் சேர்ந்தால் எத்தனை பாடம் கழித்துத் தருவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். வாய்ச்சொல்லை நம்பாமல் எழுதி வாங்குங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்தவர்கள், கையெழுத்துப் போடும் முன் அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு எங்களில் இரண்டு மூன்று பேர் இருப்போம். எம்கியூஏ பதிவேட்டைக் கைப்பேசியில் பார்க்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.