இல்லாததை எப்படி எடுப்பது?

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



கணக்கு வாத்தியாரிடம் மைக்கைக் கொடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்று முன் வரிசையில் கவலை தெரிகிறது. கழித்தல் ஒன்றை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இங்கே கணக்கு சொல்லித் தருகிறேன். பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். "கால்குலஸ் வரலை சார்" என்றுதான் வருவார்கள். நோட்டைப் புரட்டினால் தடுக்கிய கல் வேறு இடத்தில் கிடக்கும். −5 − 3 என்பதற்கு 8 என்று விடை. ஏம்ப்பா என்றால், "மைனஸும் மைனஸும் பிளஸ் தானே சார்!"

மந்திரம் தெரிகிறது, எங்கே சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒரே சின்னக் கோட்டுக்கு இரண்டு உத்தியோகம். −5இல் அது எண்ணின் குணம். அடுத்து வரும் கோடு, 'எடு' என்கிற கட்டளை. ஐந்து ரூபாய் கடன்காரனிடமிருந்து இன்னும் மூன்று ரூபாயை எடுத்தால் அவன் நிலை −8. சில கால்குலேட்டர்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிப் பொத்தானே உண்டு.

சரி, 5 − (−3)? கடன் கழிந்தால் லாபம், ஆகவே 8 என்றேன். பின் பெஞ்சு மாணவி ஒருத்தி விடவில்லை. "அஞ்சு ரூபா வச்சிருக்கவனுக்குக் கடனே இல்லையே சார். இல்லாததை எப்படி எடுக்கிறது?"

அருமையான கேள்வி. இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேரஸ் என்பவர் குறை எண்களை ஏற்க மனமில்லாமல் 1758இல் ஒரு புத்தகமே எழுதினார். இவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள்!

அடுத்த வாரம் தாயம் ஆடும் புளியங்கொட்டைகளோடு போனேன். ஒரு பக்கம் தேய்த்த கொட்டை. வெள்ளைப் பக்கம் +1, பழுப்புப் பக்கம் −1. ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். ஐந்து வெள்ளை வைத்தோம். எடுக்க மூன்று பழுப்பு வேண்டும், இல்லை. அதனால் மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து சேர்த்தோம். மதிப்பு மாறவில்லை, அதே ஐந்துதான். இப்போது பழுப்பு மூன்றையும் எடுத்துவிட்டால் மேசையில் எட்டு வெள்ளை. "அப்போ எட்டு ரூபா வச்சுக்கிட்டு மூணு ரூபா கடன் இருக்கவனும் அஞ்சு ரூபாக்காரன்தானே சார்!" என்றாள் அவளே. இந்த விதியையே பிரம்மகுப்தர் கி.பி. 628இல் தனம், ருணம் என்ற சொற்களால் எழுதி வைத்தார். பூஜ்யத்திலிருந்து ருணத்தைக் கழித்தால் தனம் என்றார். சீனத்தில் அதற்கும் முன்பே சிவப்புக் குச்சி, கறுப்புக் குச்சி வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

அந்த மாணவி இப்போது இரண்டாமாண்டு. சனிக்கிழமைகளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள்தான் கொட்டை பரப்புகிறாள். கூட உட்கார ஆள் போதவில்லை. உள்ளூர் நண்பர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தால் போதும். பட்டப்படிப்பில் கணக்கு எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை.

கொட்டைகள் இந்த மேசையிலேயே இருக்கின்றன. −4 − (−6) போட்டுப் பார்க்க விரும்புபவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம். இரண்டு ஜோடி கடன் வாங்க வேண்டியிருக்கும்.