படிக்கட்டும் நம்ம வீடுதான்



சேமிப்பு, கடன் பற்றி மற்றவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். நான் படிக்கட்டு பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாரியக் குடியிருப்பில் கதவுக்கு உள்ளே நம்ம ராஜ்ஜியம். கதவைத் திறந்தா? குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கிறவன், பல்பை உடைக்கிறவன், பொம்பளப் பிள்ளை டியூஷன் போனா வாய்க்கு வந்ததைப் பேசுறவன். இவனை யார் கேக்குறது?

குப்பத்துல பெரியவங்க கேப்பாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் பல குடும்பங்கள் கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகையில இருந்துட்டு, எர்ணாவூர் மாதிரி இடங்களுக்கு மாடி வீட்டுக்குப் போனாங்க. குலுக்கல்ல வீடு விழுந்தா பக்கத்து வீட்டுக்காரர் யாருன்னே தெரியாது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?"ன்னு கேக்க ஆள் இல்லாத இடத்துலதான் இந்தத் துணிச்சல் வருது.

உடனே நாம என்ன சொல்றோம்? "அந்த வீட்டு ஒதுக்கீட்டை ரத்து பண்ணுங்க." யோசிச்சுப் பாருங்க. ஒதுக்கீடு பல வீடுகள்ல பெண் பேர்லதான் இருக்கு. மகன் செஞ்ச தப்புக்கு வீடு போனா, தெருவுக்கு வர்றது அம்மாவும் தங்கச்சியும். இங்கிலாந்துல 2014-ல் வந்த சட்டப்படி, வீடு கொடுத்த அமைப்பு கோர்ட்டுக்குப் போய், தொல்லை தர்ற ஆளுக்கு மட்டும் தடை உத்தரவு வாங்க முடியும். ஆள் வேற, வீடு வேற. அந்தப் பிரிவு நமக்கும் வேணும்.

எங்க பிளாக்ல நடந்ததைச் சொல்றேன். மூணாவது மாடியில தினம் தகராறு. எல்லாரும் ஒரு அக்கா மகனைத்தான் சொன்னாங்க. வீட்டை ரத்து பண்ணச் சொல்லி மனு எழுதலாம்னு பேச்சு வந்தது. முதல்ல ஆறு வாரம் எழுதி வைப்போம்னு குழுவுல முடிவெடுத்தோம். நமக்குத் தெரிஞ்ச தீர்மானப் புத்தகம்தான். தேதி, நேரம், எந்த மாடி, என்ன நடந்தது, யார் பார்த்தாங்க. எழுதினதைப் படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இல்லாததால வெளியாளுங்க வந்து உட்கார்றாங்க. அந்தப் பையன் வேலைக்குப் போயிருந்த நேரத்துலயும் அதே தகராறு நடந்திருக்கு. பூட்டு போட்டோம், பல்புக்குக் கம்பி வலை போட்டோம். பாதித் தொல்லை குறைஞ்சது. மீதிக்கு, புத்தகத்தோட நகலை வச்சுப் போலீஸ்ல மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காத மரியாதை எழுத்துக்குக் கிடைச்சது.

ஆனா ஒண்ணு. தண்ணிச் சண்டை, பாட்டுச் சத்தம், குப்பை இதெல்லாம் நாம பேசித் தீர்க்கலாம். பெண்ணைத் தொடுறது, அடிக்கிறது, கஞ்சா விக்கிறது இதுக்கெல்லாம் சமாதானப் பேச்சு கிடையாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ஆபத்துன்னா 100. "நம்ம பிளாக் மானம் போயிடும்"னு மூடி வச்சா, அடுத்தது நம்ம பிள்ளைதான்.

1970-ல் குடிசை மாற்று வாரியமா ஆரம்பிச்சது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாறியிருக்கு. வாழ்விடம்னா நாலு சுவர் மட்டும் இல்ல, படிக்கட்டும் சேர்த்துத்தான். "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்துல குடியிருப்போர் சங்கம் வசூலிக்கிற பராமரிப்புத் தொகைக்குச் சமமா அரசும் தருது. அந்தச் சங்கத்துல நாற்காலியில உட்கார்றது ஆம்பளைங்க, வாசல் பெருக்குறது நாமன்னு இருக்கக் கூடாது. பூட்டுக்கும் விளக்குக்கும் காசு ஒதுக்கச் சொல்ல, நாம அங்க உறுப்பினரா இருக்கணும்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மாசக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்துல ஒரு பக்கத்தைப் படிக்கட்டுக்கு ஒதுக்குங்க.