குப்பி வகுப்பு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மின்சாரம் வராத காலத்தில் நம் வீடுகளிற் குப்பிவிளக்கு இருந்தது. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய், மூடியில் ஒரு துவாரம், அதில் ஒரு திரி, அவ்வளவே. விளக்கு மறைந்துவிட்டது. பெயர் மட்டும் பல்கலைக்கழகத்திற் போய்க் குடியிருக்கிறது. பாடம் விளங்கிய மாணவன், விளங்காத தோழர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதைக் 'குப்பி' என்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளும் இச்சொல்லையே வழங்குகிறார்கள்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டினால் ஒலுவில். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் அங்கே இருக்கிறது. உயர்தரம் வரை தமிழிற் படித்த பிள்ளை அங்கே பொறியியல் பயிலச் சென்றால், விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். அதைச் சொல்லும் மொழிதான் பிடிபடாது. விரிவுரையாளர் முன் எழுந்து கேட்க நா எழாது. குப்பியிலோ, "மச்சான், இன்னொருக்காச் சொல்லு" என்று மூன்றுதரம் கேட்கலாம். சொல்லிக்கொடுப்பவனுக்கும் நட்டமில்லை. மூன்றாந்தரம் சொல்லும்போதுதான், தனக்கே எந்த இடம் விளங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவருகிறது.

இது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற ஆன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைக் கைக்கொண்டார். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திற் பரவிற்று. ஆனால் சட்டாம்பிள்ளையின் கையிற் பிரம்பு இருந்தது. குப்பி சொல்பவனுக்குப் பிரம்புமில்லை, சம்பளமுமில்லை.

குறையையும் மறைக்கலாகாது. பரீட்சைக்கு முந்திய இரவிற் கூடி, பழைய வினாத்தாளுக்கு விடையை மனனஞ்செய்வது குப்பியாகாது. ஆண்பிள்ளைகள் விடுதியில் இரவிலே கூடினால், பஸ்ஸில் வந்துபோகும் பெண்பிள்ளை என்ன செய்வாள்? 2020இல் கொரோனாவினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, குப்பியும் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. அவளும் வீட்டிலிருந்தே கேட்டாள். டேட்டா வாங்க வழியில்லாதவர் அப்போதும் வெளியேதான்.

இன்னொன்று நமக்குப் பெருங்கவலை. ஒலுவிலில் முஸ்லிம், தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஒரே விரிவுரையில் இருக்கிறார்கள். மாலையானதும் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி பிரிந்து கூடுவது மிக எளிது. அப்படிப் பிரிந்தால், பாண்டிருப்புப் பிள்ளைக்கு விளங்கியது மருதமுனைப் பிள்ளையிடம் போய்ச் சேராது. அங்கே விளங்கியது இங்கே வராது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஐயா!

ஆகையால் நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. நமது சங்க மண்டபம் சனி, ஞாயிறு பகலிற் பூட்டியே கிடக்கிறது. விடுமுறைக்கு வரும் பல்கலைக்கழக மாணவர் எல்லோருக்கும், எவ்வூராராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அதைக் குப்பிக்காகத் திறந்துவிடுவோம். வாங்கில் இருக்கிறது; கரும்பலகை ஒன்று வாங்கவேண்டும். திறப்பு யார் கையில் இருக்கிறதென்பது செயலாளருக்குத் தெரியும்.