தெருவுக்கும் காற்றோட்டம் வேண்டும்

தோட்டத்து வீடுகளில் விறகடுப்பு எரித்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சமையற்கட்டில் ஒரு சன்னலை மட்டும் திறந்தால் புகை போகாது. எதிர்ப்பக்கத்துக் கதவையும் திறந்தால்தான் போகும். நகரத் தெருக்களுக்கும் இதே விதிதான். இன்று நம் பிள்ளைகள் பலர் வேலையின் பொருட்டு நகரத்தில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஆகவே இது நம் குடும்பங்களுக்கும் உரிய செய்தியாகும்.

குறுகலான தெரு ஒன்றின் இருபுறமும் இடைவெளியின்றி உயர்ந்த கட்டடங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். காற்று தெருவுக்குக் குறுக்கே வீசும்போது, பெரும்பகுதி கூரைகளுக்கு மேலேயே கடந்துவிடுகிறது. கீழே இறங்கும் பகுதி எதிர்ச்சுவரில் மோதி, தரையோடு திரும்பி, தெருவுக்குள்ளேயே சுழல்கிறது. பேருந்தும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கக்கும் புகை அந்தச் சுழலில் சிக்கிக்கொள்கிறது.

மரம் நட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். விடியற்காலையில் பால்மரங்களுக்கிடையே கொசுவர்த்திப் புகை கலையாமல் நிற்பதைப் பால்வெட்டும் நாம் அறிவோம். குறுகிய தெருவில் கிளைகள் அடர்ந்து கூடினால் அவையும் புகைக்கு மூடியாகிவிடும். அங்கே அளவறிந்துதான் மரம் நட வேண்டும்.

ஹாங்காங் நகரம் இதைப் பட்டறிந்தது. கடலோரத்தில் மதில்போல் நெருங்கி எழுந்த மாடிக் கட்டடங்கள் கடற்காற்றை மறித்தன. 2003-ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவிய பின்னர், அரசாங்கத்தின் கவனம் காற்றோட்டத்தின்மீது திரும்பியது. பெரிய அரசாங்கத் திட்டங்களைத் தொடங்குமுன் காற்றோட்டத்தை மதிப்பிடும் முறை 2006-இல் வந்தது. கட்டடங்களுக்கிடையே இடைவெளி விடுதல், குறுகிய தெருவைவிட்டுத் தள்ளிக் கட்டுதல், பசுமை வளர்த்தல் ஆகிய மூன்றையும் வலியுறுத்தும் நெறிமுறைகள் 2011-இல் நடைமுறைக்கு வந்தன. 15 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள தெருவாயின், அதன் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளிக் கட்டுவது அதில் கூறப்பட்ட ஒரு வழி.

நகரத்தில் நிலம் விலைமிக்கது. காலியாக விட்ட இடம் கட்டுபவருக்கு நட்டமாகவே தோன்றும். ஆனால் அந்த இடத்தையும் அடைத்துவிட்டால், கீழே நடப்பவரும், கடையில் நிற்பவரும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் அன்றாடம் புகையைச் சுவாசிக்க நேரும்.

வாகனப் புகையைக் குறைப்பதே முதல் வேலை. அதோடு நாமும் சிலவற்றைச் செய்யலாம். நகரத்தில் வீடு பார்க்கும்போது, வாடகையை மட்டும் கேட்காமல், இரு பக்கமும் சன்னல் உண்டா, படுக்கையறை பெருஞ்சாலையை நோக்கியுள்ளதா என்று பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில், 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதற்கு ஆட்சேபமும் தெரிவிக்கலாம். படித்த பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று அதைப் பார்ப்போம். "இங்கே காற்று எந்த வழியாகப் போகும்?" என்று தயங்காமல் கேட்போம்.